மொத்தத்தையும் உள்ளே தள்ளும் மாப்பிள்ளை

இரண்டு ராணிகளைக் கையில் வைத்துக்கொண்டும் கண்ணாடிக்காரர் தோற்றுப்போனார். பக்கத்தில் இருந்த காபி இன்னும் ஆறவில்லை.

"வெளியே போயிட்டேன்," என்றார், கைப்பேசியை வெறித்தபடி.

"எங்கே போனீங்க? இங்கேதானே உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் மனைவி. அவள் மேசை மேல் துணியை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"போட்டியிலிருந்து. தூங்குமூஞ்சின்னு பேர் வெச்சுக்கிட்டு எவனோ ஒருத்தன். நான் என்கிட்ட இருந்த பந்தயச் சில்லு மொத்தத்தையும் உள்ளே தள்ளின பிறகும் எதிர்த்து நிக்கிறான். கையில என்ன வெச்சிருந்தான் தெரியுமா? ஒரு ஏஸ், ஒரு ஏழு. அதை வெச்சுக்கிட்டு யாராவது நிப்பாங்களா?"

"நின்னிருக்கானே."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

நியாயமான கேள்விதான். அவருடைய போக்கர் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவரை எதிர்த்து நின்றதே இல்லை.

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். வருகிறவர்களின் மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பது அவர் வேலை. சீட்டாட்டத்துக்கும் அவருக்கும் காத தூரம். கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தத் தூரம் குறைந்தது. மனைவியின் குடும்பம் சீட்டுக் குடும்பம். மாமனார், மாமியார், அவர்களோடு இருக்கும் மனைவியின் பெரியப்பா, தனியாக இருக்கும் மச்சான் என்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியில் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். கூடவே எல்லோரும் பேசிக்கொள்ள ஒரு கூட்டு அழைப்பும் ஓடும். போட்டியில் சேர ஒரு காபிக்கு ஆகிற காசு. ஜெயிப்பவருக்கு நாலைந்து காபி. ஆனால் அவர்கள் ஆடுவதைப் பார்த்தால் அரண்மனையையே பணயம் வைத்தவர்கள் மாதிரி இருக்கும். மனைவி மட்டும் ஆட மாட்டாள். சீட்டைப் பார்த்தாலே தலை வலிக்கிறது என்பாள்.

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் மச்சான்தான். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். எதையும் சுருக்கமாக முடித்துவிடுவார்.

"ரொம்பச் சுலபம் மாப்பிள்ளை. முதல்ல ஆளுக்கு ரெண்டு சீட்டு வரும். பாருங்க. நல்லா இருந்தா உங்க சில்லு மொத்தத்தையும் உள்ளே தள்ளிடுங்க. நல்லா இல்லையா, கீழே போட்டுடுங்க."

"அப்புறம் நடுவுல அஞ்சு சீட்டு திறப்பாங்களாமே. அதைப் பார்த்து யோசிக்க வேணாமா?"

"அதெல்லாம் யோசிக்கிறவங்களுக்கு. நீங்க தள்ளிடுங்க."

தள்ளினார். "மாப்பிள்ளை தள்ளிட்டார்" என்று அழைப்பில் ஒரு முனகல் கேட்டது. ஒவ்வொருவராகச் சீட்டைக் கீழே போட்டார்கள். மறுபடி தள்ளினார். மறுபடி போட்டார்கள். சுற்றுக்குச் சுற்று கட்டாயம் வைத்தாக வேண்டிய சில்லிலேயே மற்றவர்கள் கரைந்து போனார்கள். முதல் ஞாயிறு ஜெயித்தார். அடுத்த ஞாயிறும் ஜெயித்தார். அதற்கடுத்த ஞாயிறு யார் ஜெயித்தார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மாப்பிள்ளைக்கு நெஞ்சுல இருக்கிறது சதை இல்ல, இரும்பு," என்றார் மாமனார்.

"அவர் தள்ளுறதைப் பார்த்தாலே எனக்குக் கை உதறுது," என்றார் மாமியார்.

குளியலறையில் பாடுகிறவரை நாலு பேர் மெச்சினால் ஐந்தாம் நாள் அவர் மேடை தேடுவார். கண்ணாடிக்காரரும் தேடினார். முன்பின் தெரியாதவர்கள் கூட்டம் கூட்டமாக ஆடும் ஒரு சின்னப் போட்டி. அங்கேயும் நுழைவுக்கு ஒரு காபிக் காசுதான். அதில்தான் தூங்குமூஞ்சி அவரைத் தூக்கி வெளியே போட்டான். மறுநாள் சாயங்காலம் வேறொருவன். அதற்கு மறுநாள் 'பஞ்சுமிட்டாய்' என்று ஒருத்தியோ ஒருத்தனோ. யாருக்கும் அவரைக் கண்டு பயமில்லை, மரியாதையும் இல்லை.

யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். தன் சூத்திரம் முதல் இரண்டு சீட்டோடு முடிந்துவிடுகிறது. நடுச்சீட்டுகள் திறந்த பிறகுதான் நிஜமான ஆட்டம். அங்கேதான் தான் எழுத்தறியாதவர்.

எழுத்தறிவிக்க இணையத்தில் ஒரு வாத்தியார் கிடைத்தார். வழுக்கைத்தலை, குறையாத உற்சாகம். "கையில இருக்குற சீட்டு பாதி ஆட்டம், எதிர்ல இருக்குற ஆளு மீதி ஆட்டம்" என்பது அவருடைய தாரக மந்திரம். மொத்தத்தையும் ஒரேயடியாகத் தள்ளுவது முரட்டுத்தனம் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக வைத்து எதிராளியின் மனதைத் திறக்க வேண்டும். அவன் எவ்வளவு நேரம் எடுக்கிறான், எப்போது சத்தம் அடங்குகிறது, எப்போது தொண்டையைச் செருமுகிறான் என்று பார்க்க வேண்டும். சமயத்தில் கையில் ஒன்றுமே இல்லாமல் பூச்சாண்டி காட்டவும் வேண்டும்.

கண்ணாடிக்காரர் சாப்பிடும்போதும் கேட்டார், பல் விளக்கும்போதும் கேட்டார். பாடம் முற்றிய ஞாயிற்றுக்கிழமை, குடும்ப மேசையில் உட்கார்ந்து, தன் குவியலிலிருந்து ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்து வைத்தார்.

அழைப்பில் யார் வீட்டு மின்விசிறியோ சுற்றுவது மட்டும் கேட்டது.

"மாப்பிள்ளை, விரல் தவறிப் பட்டுடுச்சா?" என்றார் மாமனார். "கொஞ்சமா வெச்சிருக்கீங்க."

"இல்ல மாமா. தெரிஞ்சுதான் வெச்சேன்."

"தெரிஞ்சுதானா," என்றார் மாமனார் மெதுவாக.

"மொத்தமாத் தள்ளுற பட்டன் வேலை செய்யுதா பாருங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான். "சில போன்ல கோளாறு வரும்."

"வேலை செய்யுது மச்சான். அது இப்ப வேணாம்."

மாமனாரும் மச்சானும் பெரியப்பாவும் சீட்டைக் கீழே போட்டார்கள். மாமியார் மட்டும் நின்றார். நடுவில் மூன்று சீட்டு திறந்தது. கண்ணாடிக்காரர் இன்னும் கொஞ்சம் வைத்தார். மாமியார் நெடுநேரம் யோசித்துச் சரிக்குச் சரி வைத்தார். நாலாவது சீட்டு. இன்னும் கொஞ்சம். மறுபடி யோசனை, மறுபடி சரிக்குச் சரி. இவ்வளவு யோசிப்பவரிடம் நல்ல சீட்டு இருக்காது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஐந்தாவது சீட்டுக்குப் பிறகு கண்ணாடிக்காரர் தாராளமாகவே வைத்தார்.

மாமியாரிடம் மூன்று ராஜாக்கள் சேர்ந்திருந்தன.

"ஐயோ," என்றார் மாமியார், அழாத குறையாக. "நான் ஜெயிச்சுட்டேனே."

அன்று கண்ணாடிக்காரர்தான் முதல் ஆளாக வெளியே வந்தார். ஆனாலும் முகத்தில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம்.

"உங்க அம்மா சாதாரண ஆள் இல்ல," என்றார் மனைவியிடம்.

அவள் கையில் இருந்த இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது. "ஏன்?"

"ஜெயிச்சுட்டு அழுறாங்க. எதிராளி மனசை இளக வைக்கிற உத்தி. இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டாங்க?"

"நீங்க பழையபடி ஆடுங்களேன். நல்ல சீட்டு வந்தா தள்ளுங்க, இல்லன்னா போடுங்க."

"அது குழந்தை ஆட்டம்."

"அந்தக் குழந்தைதானே ஜெயிச்சுது."

அவர் கேட்கவில்லை. ஆளைப் படிக்கும் பயிற்சி போதவில்லை என்று நினைத்தார். பயிற்சிக்கு ஆட்கள் எங்கே? அவர் எதிரில்தான் தினமும் வந்து உட்கார்ந்து, மோவாயைக் கொடுத்துவிட்டு அசையாமல் இருக்கிறார்களே.

செவ்வாய்க்கிழமை வங்கி மேலாளர் ஒருவர் வந்தார். கண்ணாடிக்காரர் வில்லைகளை மாற்றிப் போட்டு வழக்கம்போலக் கேட்டார்.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"ரெண்டாவது," என்றார் மேலாளர், பட்டென்று.

அந்தப் பட்டென்றுதான் கண்ணாடிக்காரரை உறுத்தியது. மறுபடி கேட்டார். மறுபடியும் இரண்டாவது, இன்னும் வேகமாக. கண்ணாடிக்காரர் உள்ளூரச் சிரித்துக்கொண்டு முதல் வில்லையையே எழுதிக்கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் திரும்பி வந்தார். புதுக் கண்ணாடியோடு கூட்டத்துக்குப் போனவர், நாற்காலியில் மாட்டியிருந்த கோட்டுக்கு வணக்கம் சொல்லி நலம் விசாரித்திருக்கிறார். பதில் வராததால் கோபமும் பட்டிருக்கிறார்.

கடை முதலாளியம்மா கண்ணாடிக்காரரை உள்ளே கூப்பிட்டார்.

"ரெண்டாவதுதான் தெளிவா இருக்குன்னு அவர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னார் மேடம். ஆனா சொன்ன வேகம் சரியில்ல."

"வேகமா?"

"மறைக்க ஏதாவது இருந்தாத்தான் அவ்வளவு சீக்கிரமாப் பதில் வரும்."

"கண் பரிசோதனையில அவர் எதை மறைக்கப் போறார்?"

"அதைத்தான் மேடம் நானும் ரொம்ப நேரம் யோசிச்சேன்."

முதலாளியம்மாவும் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "நீங்க கண்ணை மட்டும் பாருங்க. உள்ளே எட்டிப் பாக்காதீங்க," என்று சொல்லி, அவரைப் பரிசோதனை அறையிலிருந்து எடுத்து ஃபிரேம் துடைக்கும் வேலைக்குப் போட்டார்.

ஃபிரேம் துடைத்துக்கொண்டே கண்ணாடிக்காரர் தன் தவறைக் கண்டுபிடித்தார். ஒரு தரம் பார்த்த ஆளைப் படிக்க முடியாது. நன்றாகத் தெரிந்த ஒருவரைத்தான் முதலில் படிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மாமனார்தான் சரி. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒளிவு மறைவு தெரியாத மனிதர், திறந்த புத்தகம்.

அந்த ஞாயிறு மச்சான் ஜெயிக்கிற சமயமெல்லாம் சிக்னல் இல்லை என்று அழைப்பைத் துண்டித்தார், மாமனார் இருமிக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்காரர் அந்த இருமலைச் சீட்டோடு பொருத்திப் பார்த்தார். இருமிய பிறகெல்லாம் மாமனார் சீட்டைக் கீழே போடுவதைக் கவனித்தார். ஆக, இருமினால் கையில் ஒன்றுமில்லை. இவ்வளவு தெளிவாக ஒரு மனிதரைப் படிக்க முடிந்ததில் அவருக்கே புல்லரித்தது.

அவருக்கு ஒரு ஜாக்கியும் ஒரு ஒன்பதும் வந்தன. நடுவில் திறந்த சீட்டுகளோடு அவை எந்த விதத்திலும் ஒட்டவில்லை. மாமனார் இருமினார். கண்ணாடிக்காரர் பூச்சாண்டி காட்டத் தொடங்கினார். கொஞ்சம் வைத்தார். மாமனார் இருமிவிட்டுச் சரிக்குச் சரி வைத்தார். இன்னும் கொஞ்சம் வைத்தார். இன்னொரு இருமல், மறுபடி சரிக்குச் சரி. கடைசியில், எதையும் முழுதாகத் தள்ளாதே என்ற வாத்தியார் சொல்படி, கையில் ஒரு பிடியை மட்டும் நிறுத்திக்கொண்டு மீதியை வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, அந்த ஒரு பிடியை ஏன் விட்டுட்டீங்க?" என்று மாமனார் கிட்டத்தட்டக் கெஞ்சினார். "அதையும் சேர்த்து வெச்சிடுங்களேன்."

"இவ்வளவுதான் மாமா."

ஒரு பெருமூச்சு. பிறகு மாமனாரின் சீட்டு திறந்தது. இரண்டு ஏஸ்.

கண்ணாடிக்காரர் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார். "மாமா, முதல்லேர்ந்து ரெண்டு ஏஸ் கையில இருந்திருக்கு. ஒரு தடவைகூட நீங்க பந்தயத்தை ஏத்தவே இல்லையே."

"ஏத்தல."

"ஏன் ஏத்தல?"

"சும்மாதான்."

"சும்மா இல்ல மாமா. வலை விரிச்சிருக்கீங்க. என்னைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே இழுத்து அமுக்கிட்டீங்க. அந்த இருமலும் பொய் இருமல்தானே?"

ஒரு வித்வானிடம் இன்னொரு வித்வான் பேசும் மரியாதையோடுதான் அதைச் சொன்னார்.

"எனக்கு ஒரு வாரமாச் சளி," என்றார் மாமனார். குரல் மாறிவிட்டது. "ஆயுசு முழுக்க நிலம் அளந்தவன் நான் மாப்பிள்ளை. ஒருத்தர் வேலியை இன்னொருத்தருக்காக ஒரு விரல் நகர்த்தினது இல்ல. அப்படிப்பட்டவன், பொண்ணைக் கொடுத்த வீட்டுக்கே வலை விரிக்கிறேனா?"

"மாமா, நான் சொல்ல வந்தது..."

திரையில் மாமனாரின் பெயர் மறைந்தது. பின்னாலேயே மாமியாரின் பெயர். மச்சான், "சிக்னல் சரியில்ல மாப்பிள்ளை" என்று மிகத் தெளிவான சிக்னலில் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பாவின் சீட்டுகள் மட்டும் மேசையில் கொஞ்ச நேரம் கிடந்தன.

"பொய் இருமல்னு சொன்னீங்களே," என்றாள் மனைவி.

"பாராட்டித்தான் சொன்னேன்."

"இருமலை யாராவது பாராட்டுவாங்களா?"

சரிசெய்துவிடலாம் என்று கண்ணாடிக்காரர் குடும்பக் குழுவில் ஒரு நீண்ட செய்தி போட்டார். எதிராளியை வலையில் விழவைப்பதுதான் போக்கரின் உச்சம் என்றும், அந்தத் திறமை மாமாவிடம் இருப்பதை எண்ணித் தான் பெருமைப்படுவதாகவும் எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மாமியார் மனம் நோகக் கூடாதே என்று, ஜெயித்துவிட்டு அழுகிற கலையில் அத்தை மாமாவையே மிஞ்சிவிட்டார் என்று ஒரு வரி சேர்த்தார். மச்சான் பழக்க தோஷத்தில் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, படித்துப் பார்த்த பிறகு விரலை எடுத்துவிட்டார்.

அதுவரை மாமனாருக்கு மட்டும்தான் கோபம். அரைமணி நேரத்தில் மாமியார் மகளைக் கூப்பிட்டார். "நான் நாடகக்காரியாமே" என்று தொடங்கிய பேச்சு, பேசி முடிக்கும்போது அழுகையில் நின்றது. அந்த அழுகையைப் படிக்க கண்ணாடிக்காரருக்கே துணிச்சல் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மேசை காலியாக இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, வழக்கமான நேரம் வந்து, போனது. யாரும் வரவில்லை. அந்த வாரம் வெளிப்போட்டியில் அவர் பாதி தூரம் தாக்குப்பிடித்திருந்தார். முன்பு முதலிலேயே விழுந்தவருக்கு அது முன்னேற்றம்தான். அதைச் சொல்லச் சந்தோஷமாக வாயைத் திறந்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"சீட்டு போனா போகுது," என்றாள் அவள். "எங்க அப்பா உங்ககிட்ட பேசலன்னா நான் எந்தப் பக்கம் நிக்கிறது? ஒரு ஞாயித்துக்கிழமையாவது எல்லார் குரலும் சேர்ந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அதையும் கெடுத்தாச்சு."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. அவள் ஆடாவிட்டாலும் ஏன் ஒவ்வொரு ஞாயிறும் இஸ்திரித் துணியைச் சரியாக அந்த நேரத்துக்கு எடுத்தாள் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. இத்தனை பேரைப் படிக்கக் கிளம்பியவர், பக்கத்தில் நின்றவளைப் படிக்கவில்லை.

"சனிக்கிழமை நேர்ல போவோம்," என்றார். "நான் மன்னிப்புக் கேக்குறேன்."

சனிக்கிழமை காலை மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மச்சானையும் மனைவி வரவழைத்திருந்தாள். மாமியார் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டார். மாமனார் "வாங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியின் கைப்பிடியை விரலால் அளந்துகொண்டிருந்தார். மூலையில் பெரியப்பா, காதில் கருவியோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, தப்பு என்மேலதான்," என்றார் கண்ணாடிக்காரர். காபியைத் தொடவில்லை. "அத்தை, நீங்களும் மன்னிக்கணும். நாலு பாடம் கேட்டதும் தலைகால் புரியாம ஆடிட்டேன். ஏமாத்துறீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. உங்க ஆட்டம் எனக்குப் பிடிபடல, அவ்வளவுதான்."

மாமனாரின் விரல்கள் கைப்பிடியில் நின்றன.

"வெளியே முகம் தெரியாதவங்களோட ஆடும்போதுகூட ஏதோ கொஞ்சம் புரியுது. இங்கே ஒண்ணுமே புரியல. அத்தை ஜெயிச்சா வருத்தப்படுறாங்க. மாமாவுக்கு நல்ல சீட்டு வந்தா முகம் வாடிப்போகுதுன்னு குரல்லேயே தெரியுது. மச்சானோ ஜெயிக்கிற சமயமாப் பார்த்து அழைப்பைத் துண்டிக்கிறார். இவ்வளவு ஆழமான ஆட்டத்தை நான் எங்கேயும் பார்த்தது இல்ல. எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க. தோத்தாலும் பரவாயில்ல, என்ன நடக்குதுன்னு தெரிஞ்சு தோக்குறேன்."

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் மச்சானைப் பார்த்தார். மச்சான், அடிக்காத கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது, அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

பெரியப்பா செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தார். காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, காது மந்தமானவர்களுக்கே உரிய உரத்த குரலில் சொன்னார்:

"ஆழமும் இல்ல, ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. நீங்க மொத்தமாத் தள்ளினா எல்லாரும் சீட்டைக் கீழே போட்டுடணும்னு வீட்டுல பேசி வெச்சிருந்தோம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா வெச்சீங்கன்னா உங்ககிட்ட எப்படித் தோக்குறதுன்னுதான் எங்க யாருக்கும் தெரியல."